ஆலத்தங்குடிப் பதிவேடு

இது கஜா புயலுக்கு முந்திய கோடையில் தொடங்கியதா, பிந்திய கோடையிலா என்பதில் நிச்சயம் இல்லை. புயலில் தேவாலயத்தின் ஓடுகள் பறந்தது நினைவிருக்கிறது. ஆனால் ஓடு மாற்றியவர்களின் பெயர்களை ஞானாபரணம் ஐயா கீழே நின்று எழுதிக்கொண்டிருந்த காட்சி அந்தப் புயலுக்கு உரியதா, வேறொரு காற்றுக்கு உரியதா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சில பேச்சுகள் நேரில் கேட்டவையா, பிறர் சொல்லிக் காதில் விழுந்தவையா என்பதும் கலங்கிவிட்டது. நினைவு பிசகியிருந்தால் அந்தப் பிசகோடுதான் சொல்லியாக வேண்டும்.

ஆலத்தங்குடி குடவாசலுக்குத் தெற்கே, வாய்க்கால் கரையோடு போகும் சாலையில் இருக்கிறது. தெற்குத் தெரு முடியும் இடத்தில் தேவாலயம். அதை ஒட்டிக் குருவானவர் குடியிருக்கும் குருமனை. பின்னால் கல்லறைத் தோட்டம். அதற்கப்புறம் வயல்தான். ஞானாபரணம் அங்கே சபைகுருவாக மாற்றலாகி வந்தபோது அவருக்கு ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். மனைவி இறந்துபோயிருந்தார், ஒரே மகள் கனடாவில். தஞ்சாவூர் மானம்புச்சாவடியில் பல தலைமுறைகளாக ஞானஸ்நானம் பெற்று வரும் குடும்பம். பேச்சு மிகக் குறைவு. யாராவது பார்க்க வந்தால் உட்காரச் சொல்லிவிட்டுத் தானும் உட்காருவார். மின்விசிறி சுற்றும். வந்தவர் பேசினால் பேச்சு, இல்லையென்றால் அவரவர் நேரத்துக்கு எழுந்து போகலாம். ஊர்க்காரர்கள் முதலில் இதைக் கர்வம் என்று நினைத்தார்கள். பிறகு பழகிப்போனது.

அவருக்கு ஒரு பிடிப்பு இருந்தது. செமினரியில் படித்த காலத்தில் நூலகத்தின் கீழ்த்தட்டில் ஓர் அச்சுப்பிரதி அவர் கைக்கு வந்தது. நானூறு வருஷங்களுக்கு முன் இங்கிலாந்தின் ஏதோ ஈரமான மூலையில், சின்ன ஊர் ஒன்றில், வாழ்நாள் முழுக்கப் பாதிரியாக இருந்த ஒருவரின் சபைப் பதிவேடு அது. ஞானஸ்நானம், கலியாணம், அடக்கம் என்று எழுத வேண்டியதை எழுதிவிட்டு, மிச்சமிருந்த ஓரங்களில் அந்த மனிதர் ஊரையே எழுதிவைத்திருந்தார். ஆலங்கட்டி மழை எந்த வயலைத் தின்றது, தேவாலயத்தில் யாருடைய பெஞ்சில் யார் உட்கார்ந்து அடிதடி ஆயிற்று, கொள்ளைநோயில் எந்தெந்த வீடுகள் அடைபட்டன, சபையிலிருந்து யார் எதற்காக நீக்கப்பட்டார்கள். நாட்டின் ராஜாவுக்குத் தலை போனதற்கு ஒரு வரி, தன் பசு கன்று போட்டதற்கு ஒரு வரி. நல்ல பிரசங்கி என்று அவரை யாரும் சொல்லிவைக்கவில்லை. ஆனால் அவர் எழுதியிராவிட்டால் அந்த ஊரில் ஒருவர்கூடப் பிறந்திருக்கவே மாட்டார்கள் என்று ஞானாபரணத்துக்குத் தோன்றியது. அந்த எண்ணம் அவரை விட்டுப் போகவே இல்லை.

ஆலத்தங்குடிப் பதிவேட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் கடைசியாகக் ‘குறிப்பு’ என்று ஓர் அகலமான கட்டம் உண்டு. முன்னிருந்த குருமார்கள் அதைக் காலியாகவே விட்டிருந்தார்கள். ஞானாபரணம் அதை நிரப்பத் தொடங்கினார். ‘கடைமடைக்கு இன்று தண்ணீர் வந்தது. பிள்ளைகள் வாய்க்காலில் அதன் முன்னால் ஓடினார்கள்.’ ‘அடக்கத்தின்போது மழை. குழியிலிருந்து தண்ணீர் இறைக்க வேண்டியதாயிற்று.’ ‘கொள்முதல் நிலையத்தில் லாரி வராமல் நெல் முளைத்தது.’ ஞாயிறு ஆராதனையில் நடந்ததையும் விடமாட்டார். யார் தூங்கினார், எந்தக் குழந்தை அழுதது, காணிக்கைத் தட்டில் விழுந்த செல்லாத நோட்டு வரைக்கும் எழுதுவார்.

அந்தப் பதிவேட்டில் அவருக்குப் பிடிபடாத ஒன்று இருந்தது. அதிலிருந்த பெயர்களோடு ஊரில் யாரும் இல்லை. மேரி சுகிர்தம், ஜேக்கப் ஜெயசீலன், எலிசபெத் என்று பக்கம் பக்கமாக இருந்தார்கள். தெருவிலோ அவர்களில் ஒருவரைக்கூட அவரால் காணமுடியவில்லை. எனவே உளுந்து அறுவடை முடிந்த ஒரு கோடையில் பதிவேட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீடுவீடாகக் கிளம்பினார்.

கண்ணுசாமி வீட்டுக்குப் போன நாளைப் பலர் சொல்லிக் கேட்டதுண்டு. கண்ணுசாமி சபையின் மூப்பர். குத்தகைக்குச் சம்பா பயிரிடுகிறவர். அவர் மனைவி செவ்வந்தி வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

“மேரி சுகிர்தம்னு ஒரு பேரு இருக்கு. உங்க மகள்னு போட்டிருக்கு. அப்படி யாரையும் நான் பார்த்ததில்லையே?” என்றார் ஞானாபரணம்.

“உள்ள அரசாங்கப் பரிச்சைக்குப் படிச்சுக்கிட்டு இருக்காளே, அவதான் ஐயா.”

“அது செம்மொழியில்ல?”

“அது பள்ளிக்கூடத்துப் பேரு. இது கோயில் பேரு.”

எதிர்வீட்டுக் காத்தாயி குடத்தை இடுப்பில் வைத்தபடி நின்றுவிட்டாள். “ஐயாவுக்கு இது தெரியாதா? இந்தத் தெருவுல ஒவ்வொருத்தரும் ரெண்டு ரெண்டு ஆளு. சோறு மட்டும் ஒரு ஆளுக்குத்தான். நான் கோயில்ல எலிசபெத்து, கார்டுல காத்தாயி. ரேஷன் கடையில போயி எலிசபெத்து வந்திருக்கேன்னா அரிசி போடுவானா?”

“போடுவான், போடுவான். உன் வாய்க்குப் பயந்தே போடுவான்” என்றாள் செவ்வந்தி.

ஞானாபரணம் சிரித்தார். சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்து குறிப்புக் கட்டத்தில் எழுதினார்: ‘பள்ளிப் பெயர் செம்மொழி.’ கண்ணுசாமி அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டையும் ஒரே தாள்லயா எழுதறீங்க?”

“ஏன்?”

“ஒண்ணும் இல்ல ஐயா. முன்ன இருந்த ஐயாமாருங்க எழுத மாட்டாங்க.”

“அவங்களுக்குச் சோம்பல்.”

கண்ணுசாமி துண்டை உதறி மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார். “ரெண்டு மாட்டையும் ஒரே முளையில கட்டறாரு” என்று காத்தாயி போகிறபோக்கில் சொன்னாள். அது கிண்டலா, எச்சரிக்கையா என்று யாரும் யோசிக்கவில்லை. அந்தக் கோடை முழுக்க அவர் எல்லா வீட்டுக்கும் போனார். மோர் கொடுத்தார்கள், கேட்டதைச் சொன்னார்கள். எழுதாதீர்கள் என்று ஒரு குருவானவரிடம் எப்படிச் சொல்வது?

காரணம் எளியது. தெற்குத் தெரு ஆதிதிராவிடர் தெரு. கிறிஸ்தவர் என்று சான்றிதழில் ஏறினால் ஆதிதிராவிடர் என்ற சொல் போய், பட்டியலினத்திலிருந்து பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு மாறிவிடும். படிப்புக்கு வரும் உதவித்தொகை நிற்கும், வேலைக்கான இடம் தள்ளிப்போகும். தெரு மட்டும் அதே இடத்தில் இருக்கும். அதனால் பிள்ளை பிறந்ததும் தேவாலயத்தில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஊரில் எல்லோரும் முடிச்சுப் போடுவார்கள்; தாளில் யாரும் போடமாட்டார்கள். மூன்று தலைமுறையாக இதுதான் வழக்கம். மானம்புச்சாவடியிலிருந்து வந்தவருக்கு இது தெரிய நியாயமில்லை. அவருடைய குடும்பம் எந்தப் பட்டியலில் இருந்ததோ, ஞானஸ்நானத்தால் அதில் ஒன்றும் குறைந்ததில்லை.

செம்மொழி அந்தத் தேர்வை எழுதி நீர்வளத்துறையில் உதவிப் பொறியாளர் ஆனாள். தண்ணீர் திறந்துவிடச் சொல்லி அதிகாரிகளின் வீட்டு வாசலில் போய் நின்ற தெருவிலிருந்து, மதகுக்குப் பொறுப்பாக ஒருத்தி. தேவாலயத்தில் நன்றி ஆராதனை நடந்தது. செவ்வந்தி தெரு முழுக்கக் கேசரி கொடுத்தாள். ஞானாபரணம் அதையும் எழுதினார்.

ஆவணியில் மொட்டைப் பெட்டிசன் போனது. இந்தப் பெண் பிறப்பிலிருந்து கிறிஸ்தவர், பொய்ச் சான்றிதழ் கொடுத்து வேலை வாங்கியிருக்கிறார், ஆலத்தங்குடி தேவாலயப் பதிவேட்டைப் பார்த்தால் தெரியும் என்று அதில் இருந்ததாம். யார் போட்டார்கள் என்பது கடைசிவரை தெரியவில்லை. பதிவேட்டோடு விசாரணைக்குத் தயாராக இருக்கும்படி சபைகுருவுக்குத் தாலுகா ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது.

அன்று மத்தியானம் கண்ணுசாமி குருமனைக்கு வந்தார். இருவரும் உட்கார்ந்தார்கள். மின்விசிறி சுற்றியது. வயலில் களையெடுக்கிற பெண்கள் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. ஞானாபரணத்துக்கு முதன்முறையாக அந்த மௌனம் பொறுக்கமுடியாமல் போயிற்று.

“என்னால கிழிக்க முடியாது, கண்ணுசாமி.”

“கிழிங்கன்னு நான் வாயத் தொறந்தேனா?”

“இல்ல.”

“அந்தத் தாளக் கிழிச்சா பின்பக்கத்துல என் தம்பி மவன் இருக்கான். அதுக்கு ஜோடித் தாள்ல காத்தாயி பேத்தி. எதுக்குன்னு கிழிக்கிறது? தையல அவுத்தா மொத்தமும் கையோட வந்துரும்.”

பிறகு கண்ணுசாமி எழுந்தார். கோபமில்லாமல்தான் சொன்னார்: “உங்களுக்கு மானம்புச்சாவடியில ஒரே பேரு போதும் ஐயா. எங்களுக்குப் பத்தாது.”

அவர் திட்டியிருந்தால் தேவலை என்று ஞானாபரணம் நினைத்தார். அவர் போன பிறகு பதிவேட்டை எடுத்து, தன் கையெழுத்தையே பக்கம் பக்கமாகப் பார்த்தார். பள்ளிப் பெயர், பள்ளிப் பெயர், பள்ளிப் பெயர். நல்ல கறுப்பு மை. அழிந்துபோன ஆட்களை மீட்கிறோம் என்று நினைத்துத்தான் ஒவ்வொன்றையும் எழுதியிருந்தார்.

இரண்டு நாளில் செம்மொழியே ஸ்கூட்டரில் வந்தாள். தலைக்கவசத்தைக் கழற்றி மேஜைமேல், பதிவேட்டுக்குப் பக்கத்திலேயே வைத்தாள்.

“திருவாரூர் வக்கீலைப் பார்த்தேன் ஐயா. கொழந்தையில தண்ணி தெளிச்சதை வச்சு மட்டும் முடிச்சுட முடியாதுங்கறாரு. இப்ப நான் சபையில இருக்கேனா, இல்லையா, அதுதான் கேள்வியாம்.”

“இருக்கியே.”

“நீக்கிடுங்க.”

ஞானாபரணம் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“நீங்கதான வாலிபர் கூட்டத்துல சொன்னீங்க? அந்த இங்கிலீஷ்காரப் பாதிரியாரு, நீக்கினவங்க பேருக்கு நேரா நீக்கின காரணத்தையும் எழுதி வச்சாருன்னு. ஒரு மணி நேரம் சொன்னீங்க. பாதிப் பேரு தூங்கிட்டாங்க, நான் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். கிழிச்சா அது பொய். நீக்கி எழுதினா நெசம்.”

“காரணம் வேணும்மா.”

“மாரியம்மனுக்குப் பால்குடம் எடுத்திருக்கேன். காலேஜ் ரெண்டாம் வருஷம். போட்டோவே இருக்கு. மஞ்சப் புடவை, நல்லாவே இருப்பேன் அதுல.”

“விசுவாசமா எடுத்தியா, சிநேகிதிங்க கூப்பிட்டாங்கன்னு எடுத்தியா?”

“அதுக்கு உங்க பதிவேட்டுல கட்டம் இருக்கா ஐயா?”

நீக்கினால் என்னவாகும் என்பதை மட்டும் அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். பீடத்திலிருந்து அறிவிக்க வேண்டும். நற்கருணை கிடையாது. தேவாலயத்தில் கலியாணம் கிடையாது. இறந்தால் பின்னாலிருக்கும் தோட்டத்தில் இடம் கிடையாது.

“அம்மாகிட்ட அந்தக் கடைசிய மட்டும் சொல்லாதீங்க” என்றாள் அவள்.

சபைக் கமிட்டி கூடியது. அரைமணி நேரத்தில் முடிந்துவிட்டது. “இன்னைக்கு அவ, நாளைக்கு என் பேரன்” என்று ஒருவர் சொன்னார். மற்றவர்கள் ஞானாபரணத்தின் முகத்தைப் பார்க்காமல் கை தூக்கினார்கள். மகளை நீக்கும் தீர்மானத்தில் மூப்பர் என்ற முறையில் கண்ணுசாமி முதல் கையெழுத்துப் போட்டார். செவ்வந்திக்கு விஷயம் சனிக்கிழமைதான் தெரிந்தது. கடைசியையும் யாரோ சொல்லிவிட்டார்கள்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு. பிரசங்கம் முடிந்து நற்கருணைக்கு முன், ஞானாபரணம் ஒரு தாளை எடுத்து வாசித்தார். மேரி சுகிர்தம் என்கிற செம்மொழி, அந்நிய வழிபாட்டில் கலந்துகொண்டதை ஒப்புக்கொண்டதால், இன்றுமுதல் இந்தச் சபையின் ஐக்கியத்திலிருந்து நீக்கப்படுகிறார். பெண்கள் பக்கத்தில் செம்மொழி முக்காடு போட்டு, அம்மாவுக்கு அருகில் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு சபையார் வரிசையாக வந்து முழங்காலிட்டார்கள். செவ்வந்தி வந்தாள். ஞானாபரணம் அவள் உள்ளங்கையில் அப்பத்தை வைத்தார். அவள் அதை வாயில் போடவில்லை. கையை மூடிக்கொண்டு எழுந்தாள். பாத்திரத்தை ஏந்தி நின்ற அவருக்கு அவள் திரும்பிப் போவது தெரிந்தது. இடத்தில் போய் உட்கார்ந்தாள். கையைத் திறந்து அப்பத்தை இரண்டாக உடைத்தாள். பாதியை மகளுடைய கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள். ஏதோ சொன்னாள், என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. செம்மொழி ஒருகணம் பீடத்தைப் பார்த்தாள். அப்புறம் சாப்பிட்டாள்.

சபை முழுக்கப் பார்த்தது. கண்ணுசாமி தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஆள் முழங்காலிட்டுக் காத்திருந்தார். ஞானாபரணம் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார். ஆராதனை முடிந்தது.

குருமனையில் அவர் பதிவேட்டைத் திறந்தார். நீக்கத்தைத் தேதியோடும் காரணத்தோடும் எழுதினார். பால்குடத்தை எழுதினார். ஆராதனைக்கு வந்தவர்கள், பிரசங்க வசனம், எல்லாவற்றையும் எழுதினார். அடுத்த வரிக்குப் பேனா வந்தபோது நின்றது. எழுதினால், நீக்கிய பெண் நீக்கிய நாளிலேயே நற்கருணை பெற்றாள் என்று ஆகும். நீக்கம் வெறும் நாடகம் என்று பிடித்துக்கொள்ள அந்த ஒரு வரி போதும். எழுதாவிட்டால், செவ்வந்தி செய்தது நடக்கவே இல்லை. இவ்வளவு வருஷத்தில் அந்தத் தேவாலயத்தில் அவர் பார்த்ததிலேயே எழுதத் தகுந்தது அது ஒன்றுதான் என்று அவருக்குத் தோன்றியது. வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மேகம் கட்டி மழை பிடித்துக்கொண்டது. ‘பிற்பகல் நல்ல மழை’ என்று எழுதிப் பதிவேட்டை மூடினார்.

விசாரணைக்குத் தாசில்தார் ஆனந்தவல்லி வந்தார். ஐம்பது வயதிருக்கும், தாடையில் ஒரு மரு. ஆராதனைப் பாத்திரங்கள் வைக்கும் அறையில் மேஜை போட்டிருந்தார்கள். எதிர்பார்த்ததைவிட நிதானமாகப் பதிவேட்டைப் படித்தார். நடுவில் ஓரிடத்தில் நின்றார்.

“கொள்முதல் நிலையத்துல நெல்லு முளைச்சதைக்கூட எழுதியிருக்கீங்க.”

“ஆமாம்மா.”

“அப்ப நான் இங்க ஆர்.ஐ.யா இருந்தேன். லாரி வரலைங்கறதும் நெசம்தான்.” இன்னும் கொஞ்சம் புரட்டினார். “பாம்பு கடிச்சது, மாடு செத்தது, தட்டுல விழுந்த செல்லாத நோட்டு. எதையும் விட மாட்டீங்க போலருக்கே.”

ஆனந்தவல்லி இன்னும் சில தாள்களைத் தள்ளி அந்த ஐப்பசி ஞாயிற்றுக்கு வந்தார்.

நீக்கத்தைப் படித்தார். பால்குடப் புகைப்படத்தைப் பார்த்தார். “நீக்கின பிறகு இந்தப் பொண்ணுக்கு நற்கருணை கொடுத்தீங்களா?”

“நான் கொடுக்கலை.”

“அவங்க வாங்கினாங்களா? வேற யாரு மூலமாவது?”

வெளியே கண்ணுசாமியின் செருமல் கேட்டது. ஞானாபரணம் வழக்கம்போல் மௌனமாக இருந்தார். அது அவருடைய சுபாவம் என்று தாசில்தாரிடம் யாரோ முன்னமே சொல்லியிருக்க வேண்டும், அவரும் காத்திருந்தார்.

“நடந்ததெல்லாம் இதுல இருக்கும்மா” என்றார் ஞானாபரணம்.

ஆனந்தவல்லி அந்த ஞாயிற்றின் வரிகளை இன்னொரு முறை விரல் வைத்துப் படித்தார். மழைவரைக்கும் படித்தார். “இல்லை. இவ்வளவு எழுதறவர் இதை மட்டும் விட்டுருவாரா?” என்று தனக்குள் சொல்லிக்கொண்டே வாக்குமூலத்தை எழுதி நீட்டினார். ஞானாபரணம் கையெழுத்துப் போட்டார்.

மூடுவதற்குமுன் ஆனந்தவல்லி சில பக்கங்களைப் புரட்டினார். பள்ளிப் பெயர், பள்ளிப் பெயர். ஒவ்வொரு பக்கத்திலும் இருந்தது. அவர் விரல் ஓரிடத்தில் நின்றது.

“இதெல்லாம்?”

“பேருங்கம்மா.”

அவர் ஞானாபரணத்தை ஏறிட்டுப் பார்த்தார். பதிவேட்டை மூடி அவர் பக்கம் தள்ளினார். “எனக்கு வந்த பெட்டிசன் ஒரு பேருக்குத்தான் ஐயா” என்றார்.

புகார் நிரூபிக்கப்படவில்லை என்று விசாரணை முடிந்தது. செம்மொழி மன்னார்குடிக்கு அப்பால் ஒரு பிரிவில் வேலை பார்க்கிறாள். மின்வாரியத்தில் இருக்கும் பிரபு என்பவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. செவ்வந்தி கொரோனா இரண்டாம் அலையில் இறந்து, தேவாலயத்தின் பின்னால் அடக்கம் செய்யப்பட்டாள். கண்ணுசாமி இன்னும் மூப்பராக இருக்கிறார், குத்தகையை விட்டுவிட்டார். காத்தாயி முழங்கால் வலியோடு அதே வீட்டில் இருக்கிறாள். ஆனந்தவல்லி பணி ஓய்வு பெற்றுத் தஞ்சாவூரில் இருக்கிறார். ஞானாபரணம் அந்த ஞாயிற்றுக்குப் பிறகு குறிப்புக் கட்டத்தில் எதுவும் எழுதவில்லை. அடுத்த ஆண்டு மாற்றலாகிப் போய், ஓய்வு பெற்று, மானம்புச்சாவடி வீட்டில் இருக்கிறார். ஒரு கண்ணில் புரை எடுத்திருக்கிறது. பதிவேடு ஆலத்தங்குடி தேவாலயத்து அலமாரியில், அவர் எழுதிய பள்ளிப் பெயர்களோடு, அப்படியே இருக்கிறது. இரண்டாவது பெட்டிசன் இதுவரை வரவில்லை.